வெண்டல் புத்தகமும் என் லாங் சைஸ் நோட்டும்

மிக்ஸி, குக்கர் பற்றியெல்லாம் விமர்சனம் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு கணிதப் புத்தகம். கிறிஸ் வெண்டல் எழுதிய 'ஹோலோமார்ஃபிக் கர்வ்ஸ் இன் லோ டைமென்ஷன்ஸ்'. லெக்சர் நோட்ஸ் இன் மேத்தமேட்டிக்ஸ் என்ற மஞ்சள் அட்டை வரிசையில் 2216-ஆவது புத்தகமாக 2018-இல் வந்தது. முந்நூறு பக்கத்தைத் தொடாது. மெல்லிய அட்டைதான். ஆசிரியர் பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். ஒன்பது மாதமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். பிஎச்.டி. யூனிவேலன்ட் சார்புகளில், அதாவது ஒரே மதிப்பை இருமுறை எடுக்காத கலப்பெண் சார்புகளில். எங்கள் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் என்றால் பெரும்பாலும் அதுதான். ஒரு வட்டத் தகட்டைத் தளத்துக்குள் அனுப்பு, கெழுக்களுக்கு ஒரு வரம்பு கண்டுபிடி, பேப்பர் போடு, அடுத்த துணைக்குடும்பத்துக்குப் போ. குறை சொல்லவில்லை, சம்பளம் அதில்தான் வந்தது. ஆனால் பத்து வருஷம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தபின், அதை நாலு பரிமாண வெளிக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்று தோன்றாமல் இருக்குமா?

ஒரு கோடைப் பயிற்சி முகாமில் பேச வந்தவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். மூடிய நாலு பரிமாண சிம்ப்ளெக்டிக் மேனிஃபோல்ட் (பரப்பை அளக்க மட்டும் கருவி உள்ள ஒரு வெளி, பின்னால் விளக்குகிறேன்) ஒன்றுக்குள் சரியான ஒரு கோளம், ஒரே ஒரு கோளம், கிடைத்துவிட்டால் போதும், மொத்த வெளியும் இன்னதுதான் என்று சொல்லிவிடலாம் என்றார். ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது சரி, அதை வைத்து யார் வீட்டுப் பானை, எந்த ஊர் அரிசி என்று சொல்வதா? துசா மெக்டஃப் 1990-இல் நிரூபித்த தேற்றம் அது. அதை முழுதாகப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று விசாரித்ததில், என் பழைய மாணவன் ஒருவன் (இப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவன்) உடனே சொன்னான்: "மேம், நேரா வெண்டல் வாங்கிருங்க. பெரிய புத்தகத்துக்குப் போனீங்கன்னா திரும்பி வர மாட்டீங்க."

பெரிய புத்தகம் என்று அவன் சொன்னது மெக்டஃபும் டீட்மார் சாலமோனும் சேர்ந்து எழுதியது. 2004-இல் வந்தது, 2012-இல் இரண்டாம் பதிப்பு, எழுநூறு பக்கத்துக்கு மேல். அதையும் பிறகு புரட்ட வேண்டி வந்தது. அந்தக் கதை பின்னால்.

அரியர்ஸ் வந்த மாதம் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கடையின் பெயர் வேண்டாம். பதினெட்டு நாள் கழித்து ஒரு மழை நாளில் கூரியர்காரர் கேட்டுக்கு மேலாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் இருபது பக்கம் அப்பளமாக நெளிந்துவிட்டது. மாற்றிக் கேட்டால் இன்னும் பதினெட்டு நாள். கல்லூரிக்குப் பக்கத்தில் பைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பலகைக்கு நடுவே வைத்து இரண்டு நாள் அழுத்தி, காலிக்கோ முதுகு போட்டுத் தந்தார். கொடுக்கும்போது, "என்ன புக்கு மேடம் இது, பூரா ஓட்டை வடையும் ஒட்டிக்கிட்ட போண்டாவுமா வரஞ்சிருக்கான்?" என்று கேட்டார். ஓட்டை வடை ஜீனஸ் 1 (ஜீனஸ் என்றால் மேற்பரப்பின் ஓட்டைகளின் எண்ணிக்கை), ஒட்டிக்கொண்ட போண்டாக்கள் நோடல் வளைவரை (புள்ளியில் ஒட்டிய துண்டுகள்). அண்ணாச்சி படங்களைச் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிம்ப்ளெக்டிக் வடிவம் என்பது பரப்பை அளக்கும் கருவி. நீளம் அளக்காது, கோணம் அளக்காது. இரண்டு பரிமாணத் துண்டு ஒன்றை நீட்டினால் அதன் குறியுள்ள பரப்பைச் சொல்லும், அவ்வளவுதான். ஹாமில்டன் இயக்கவியலில் இடமும் உந்தமும் ஜோடி சேர்வதிலிருந்து வந்தது. பெயரை வைத்தவர் ஹெர்மன் வைல், 1939-இல். காம்ப்ளெக்ஸ் என்ற லத்தீன் வேர்ச்சொல்லை அப்படியே கிரேக்கத்தில் மாற்றிப் போட்டார். நம் பாடநூல் பாணியில் மொழிபெயர்த்தால் இதுவும் 'கலப்பு', அதுவும் 'கலப்பு' என்று ஆகிவிடும். அதனால் நான் வகுப்பில் சிம்ப்ளெக்டிக் என்றே சொல்லிவிடுகிறேன்.

இந்த வெளிகளில் சிக்கல் என்னவென்றால், கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். டார்பூ தேற்றம் அதைத்தான் சொல்கிறது. வளைவு என்று ஒன்று இல்லை, உள்ளூர் அடையாளம் எதுவும் இல்லை. அப்புறம் இரண்டு வெளிகளை எப்படி வேறுபடுத்துவது? 1985-இல் மிகாயில் குரோமோவ் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு புள்ளியிலும் திசைகளை 90 டிகிரி சுழற்றும் ஒரு ஜே-யைப் பொருத்து. இருமுறை சுழற்றினால் மைனஸ் 1 வர வேண்டும், சிம்ப்ளெக்டிக் வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். அப்படிப்பட்ட ஜே எப்போதும் கிடைக்கும், ஏராளமாகக் கிடைக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகவும் முடியும். அந்த ஜே-யை வைத்து கோஷி–ரீமன் சமன்பாட்டை எழுது. அதன் தீர்வுகள்தான் ஸ்யூடோஹோலோமார்ஃபிக் வளைவரைகள். வளைவரை என்றாலும் உண்மையில் இரண்டு பரிமாண மேற்பரப்பு, கலப்பெண் கணக்கில் ஒரு பரிமாணம். இதை முதல் நாளே சொல்லிவிடாவிட்டால் பிள்ளைகள் கடைசிவரை கோடு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த அடிப்படையை வெண்டல் வேகமாகக் கடந்துவிடுகிறார். எனக்கு முதல் அடி விழுந்தது அங்கேதான். பின்னணி அத்தியாயம் என்று ஒன்று வைத்திருக்கிறார். மாடுலை வெளி (எல்லா வளைவரைகளும் சேர்ந்த வெளி), ட்ரான்ஸ்வர்சாலிட்டி (அந்த வெளி எதிர்பார்த்த பரிமாணத்தில் ஒழுங்காக இருப்பது), குரோமோவ் காம்பேக்ட்னஸ் (வளைவரைகள் எல்லையில் எப்படி உடையலாம் என்பது) எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. பல இடங்களில் கூற்று இருக்கும், நிரூபணத்தின் சாயல் இருக்கும், முழு நிரூபணத்துக்கு வேறு இடம் பாருங்கள் என்றிருக்கும். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். ஆனாலும் ஃபங்ஷனல் அனாலிசிஸில் வரும் சோபோலெவ் வெளிகளும் ஃப்ரெட்ஹோம் ஆபரேட்டர்களும் தெரியாமல் உள்ளே போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். எனக்கு ஃப்ரெட்ஹோம் எம்.ஃபில்.லில் படித்தது, பாதி மறந்திருந்தது. பெரிய புத்தகத்தைப் பிடிஎஃப்பில் திறந்தது இந்த இடத்தில்தான். மாணவன் சொன்னது சரி, திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று.

அதற்கப்புறம் புத்தகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அனாலிசிஸை ஒருமுறை நம்பி ஏற்றுக்கொண்டால், மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல். மிகையில்லை. நாலு பரிமாணத்தில் மட்டும் நடக்கிற அதிசயம் இது, புத்தகத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஏன் நாலில் மட்டும்? இரண்டும் இரண்டும் நாலு என்பதால். நாலு பரிமாண வெளியில் இரண்டு பரிமாண மேற்பரப்புகள் இரண்டு சந்தித்தால், பொதுவாகத் தனித்தனிப் புள்ளிகளில் சந்திக்கும். ஆறு பரிமாணத்தில் லேசாக நகர்த்தினால் விலகிப் போய்விடும், எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாதாரண மேற்பரப்புகள் என்றால் ஒவ்வொரு சந்திப்புக்கும் பிளஸ் 1 அல்லது மைனஸ் 1 என்று குறி உண்டு, கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் வெவ்வேறான இரண்டு ஜே-வளைவரைகள் சந்தித்தால் ஒவ்வொரு சந்திப்பும் குறைந்தது பிளஸ் 1. கழித்தலே கிடையாது. அந்தக் கூட்டுத்தொகையோ ஹோமாலஜி வகுப்பை (மேற்பரப்பைத் தொடர்ச்சியாக நகர்த்தினாலும் மாறாத அடையாளம்) மட்டும் பொறுத்தது, வளைவரையைப் பார்க்காமலே கணக்கிடலாம். ஆக, விடை பூஜ்யம் என்று வந்தால் அவை தொடவே தொடாது. படம் வரைந்து பார்க்க வேண்டியதில்லை.

இதன் உடன்பிறப்பு அட்ஜங்க்ஷன் சூத்திரம். ஒரு வளைவரை தன்னையே எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்கிறது என்பதையும் எண்களே சொல்லிவிடும். தன்வெட்டு எண்ணிலிருந்து (வளைவரை, லேசாக நகர்த்திய தன் நகலைச் சந்திக்கும் எண்ணிக்கை, குறியோடு) செர்ன் எண்ணைக் (வெளியின் தொடுதிசைகள் வளைவரை நெடுக எவ்வளவு முறுக்கிக்கொள்கின்றன என்ற முழு எண்) கழி, 2-ஐக் கூட்டு, ஜீனஸின் இரு மடங்கைக் கழி. வருவது சுயச்சந்திப்புகளின் இரு மடங்கு. பூஜ்யம் வந்தால் வளைவரை சுத்தமாக, மடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நோட்டில் கலப்பெண் ப்ரொஜெக்டிவ் தளத்துக்குப் (இரண்டு கலப்பெண் ஆயங்கள் கொண்ட தளத்தோடு முடிவிலிக் கோட்டையும் சேர்த்தது) போட்டுப் பார்த்தேன். படி 1 கோடு: தன்வெட்டு 1, செர்ன் எண் 3. ஜீனஸ் பூஜ்யம் என்றால் 1 கழித்தல் 3 கூட்டல் 2, பூஜ்யம். சரி. படி 2 கூம்பு வளைவு: 4 கழித்தல் 6 கூட்டல் 2, மறுபடி பூஜ்யம். படி 3 கோளம்: 9 கழித்தல் 9 கூட்டல் 2, விடை 2. அதாவது ஒரு சுயச்சந்திப்பு கட்டாயம். இளங்கலையில் வரைந்த அந்தக் கண்ணி போட்ட முப்படி வளைவரை, வேண்டுமென்றே கண்ணி போடவில்லை, வேறு வழியில்லாமல் போட்டிருக்கிறது! இரவு பதினொன்றரைக்கு அடுக்களை மேஜையில் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இண்டெக்ஸ் கணக்கும் அதே மாதிரி. நாலு பரிமாணத்தில் கோளங்களுக்கு இண்டெக்ஸ், செர்ன் எண்ணின் இரு மடங்கில் 2 குறைவு. அந்தக் கோளத்துக்கு நகர எத்தனை திசை இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஒரு புள்ளி வழியாகப் போ என்று கட்டளையிட்டால் இரண்டு திசை செலவாகும். கோட்டுக்கு 4, அதனால் இரண்டு புள்ளிகள். கூம்பு வளைவுக்கு 10, ஐந்து புள்ளிகள். படி 3 கோளத்துக்கு 16, எட்டுப் புள்ளிகள். பொதுவான எட்டுப் புள்ளிகள் வழியாக அப்படிப்பட்டவை 12 உண்டு. இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு என்று ஆறாம் வகுப்பில் படித்தது, ஜே எப்படிக் கோணலாக இருந்தாலும் ப்ரொஜெக்டிவ் தளத்தில் அப்படியே நிற்கிறது என்பது குரோமோவ் கண்டது.

இனி அந்தத் தேற்றம். மேனிஃபோல்டுக்குள் சிம்ப்ளெக்டிக்காகப் பதிந்த (தன்னை வெட்டாமல், எங்கும் பரப்பு நேர்க்குறியாக) ஒரு கோளம் இருக்கிறது, அதன் தன்வெட்டு எண் பூஜ்யம் அல்லது அதற்கு மேல். அப்படியானால் அந்த வெளி ஒன்று ப்ரொஜெக்டிவ் தளம், இல்லையென்றால் ஒரு மேற்பரப்பின் மேல் கோளங்களை அடுக்கிய ரூல்டு மேற்பரப்பு, அல்லது இவற்றைச் சில புள்ளிகளில் ப்ளோ-அப் (புள்ளியை எடுத்துவிட்டு அங்கே ஒரு கோளத்தை வைப்பது) செய்தது. வேறு வாய்ப்பே இல்லை.

தன்வெட்டு பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோளம் ஜே-வளைவரையாக இருக்கும்படி ஒரு ஜே தேர்ந்தெடுக்கலாம். அட்ஜங்க்ஷன் படி செர்ன் எண் 2, இண்டெக்ஸ் 2. ஆகக் கோளம் இரண்டு திசையில் நகரும். நகர்ந்த கோளமும் பழைய கோளமும் சந்திப்பது பூஜ்யம் முறை, அதாவது தொடாது. வெளிக்கு மொத்தம் நாலு பரிமாணம், கோளம் அதில் இரண்டை எடுத்துக்கொண்டது, நகர்வு மிச்ச இரண்டை எடுத்துக்கொண்டது. ஒன்றையொன்று தொடாத கோளங்கள் பூச்சரத்தில் பூ மாதிரி நெருக்கி நெருக்கி வெளியை நிரப்பத் தொடங்குகின்றன. வழக்கமாக இப்படி நகரும் என்று சொல்ல ஜே-யைச் சற்று அசைத்து ஜெனரிக்காக (விசேஷத் தற்செயல் எதுவும் இல்லாததாக) ஆக்க வேண்டும். இந்தக் கோளங்களுக்கு அதுகூட வேண்டாம், செர்ன் எண் நேர்க்குறியாக இருந்தாலே போதும். ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்வர்சாலிட்டி என்று பெயர். அதையும் வெண்டல் பூஜ்யங்களை எண்ணியே காட்டுகிறார். கோளத்துக்குச் செங்குத்தான திசைகளின் கற்றையில் (நார்மல் பண்டில்) வரும் தீர்வு ஒன்றுக்கு இத்தனை பூஜ்யம்தான் இருக்க முடியும், அதற்கு மேல் போனால் தீர்வே பூஜ்யம் என்ற பழைய கலப்பெண் வாதம். என் யூனிவேலன்ட் மூளைக்கு அந்த ஒரு பக்கம் சொந்த ஊர்ப் பேருந்து நிலையம் மாதிரி இருந்தது.

நிரப்பிக்கொண்டே போனால் விளிம்பில் என்ன ஆகும்? குமிழி விடும். அப்பளம் பொரியும்போது ஒரு இடத்தில் சூடு கூடி அது மட்டும் எழும்பித் தனிக் கொப்புளம் ஆவது போல, கோளத்தின் பரப்பு ஒரு புள்ளியில் குவிந்து தனிக் கோளமாகப் பிரிந்துவிடும். மொத்தப் பரப்புக்கு வரம்பு இருப்பதாலும், ஒவ்வொரு குமிழிக்கும் குறைந்தபட்சப் பரப்பு வேண்டும் என்பதாலும் குமிழிகள் எண்ணி முடிக்கும் அளவுதான். அது சரி, எப்படியெல்லாம் பிரியலாம்?

மூன்று வாரம் நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், மிகவும் பிடித்துப்போன இடமும் இதுதான். ஜே ஜெனரிக்காக இருந்தால், எளிய (பலமுறை சுற்றாத) கோளம் எதற்கும் இண்டெக்ஸ் எதிர்க்குறி ஆகாது, ஆகவே செர்ன் எண் குறைந்தது 1. மொத்தம் 2. இரண்டை ஒன்றுக்குக் குறையாத முழு எண்களாகப் பிரிக்க ஒரே வழி 1 கூட்டல் 1. ஆக அதிகபட்சம் இரண்டு துண்டு. ஆனால் இரண்டு துண்டும் ஒன்றே என்றால், அதாவது ஒரே கோளத்தை இருமுறை சுற்றியது என்றால்? இந்தத் துறையில் எல்லோரையும் பயமுறுத்துவது இந்தப் பலமுறைச் சுற்றல்தான், ஜெனரிக் வாதங்கள் அதனிடம் பலிக்காது. நோட்டில் போட்டேன். அந்தக் கோளத்தின் தன்வெட்டு பூஜ்யம், செர்ன் எண் 1. அட்ஜங்க்ஷன்: பூஜ்யம் கழித்தல் 1 கூட்டல் 2, விடை 1. ஆனால் விடை சுயச்சந்திப்புகளின் இரு மடங்காக, இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை வந்துவிட்டது. ஆகவே அது நடக்காது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் மாணவனிடம் சொன்னேன். "மேம், இதுக்கா மூணு வாரம்?" என்றான். பிஎச்.டி. முடிக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

அப்படியானால் துண்டுகள் வெவ்வேறானவை. முழுக் கோளத்துக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள வெட்டு எண் எதிர்க்குறி ஆகாது, இரண்டையும் கூட்டினால் பூஜ்யம், ஆகவே இரண்டும் பூஜ்யம். துண்டுகள் ஒட்டியிருப்பதால் ஒன்றையொன்று குறைந்தது ஒருமுறை வெட்டும், அதனால் ஒவ்வொன்றின் தன்வெட்டும் மைனஸ் 1 அல்லது அதற்குக் கீழே. அட்ஜங்க்ஷனோ மைனஸ் 1-க்குக் கீழே இறங்க விடாது. ஆக ஒவ்வொன்றும் சரியாக மைனஸ் 1, ஒரே ஒரு புள்ளியில் சந்திப்பு. அண்ணாச்சி சொன்ன ஒட்டிக்கொண்ட போண்டா! இப்படி ஒட்டியவை சில இழைகளில் மட்டும், மற்ற எல்லா இழையும் நல்ல கோளம். இதற்குத்தான் லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷன் என்று பெயர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு போண்டாவைச் சுருக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரூல்டு மேற்பரப்பு. தேற்றம் முடிந்தது.

தன்வெட்டு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால்? பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகள் எல்லாம் பிடியில் வந்து சேர்கின்றன. சேரும் அந்தப் புள்ளியைத் தோண்டி எடுத்து, அங்கே ஒரு கோளத்தை வைத்து, ஒவ்வொரு ஈர்க்கும் அதன் தனிப் புள்ளியில் வந்து சேரும்படி செய்தால் ஈர்க்குகள் பிரிந்துவிடும். ப்ளோ-அப் அதுதான். சிம்ப்ளெக்டிக் உலகில் ஒரு முழுப் பந்தை வெட்டியெடுத்து அதன் எல்லையை ஹாப்ஃப் வட்டங்கள் வழியே சுருக்க வேண்டும், எவ்வளவு பெரிய பந்து என்பதும் கணக்கில் வரும். கோளத்தின் மேல் ஒரு புள்ளியில் ப்ளோ-அப் செய்தால் அதன் தன்வெட்டு ஒன்று குறையும். தேவையான அளவு குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பழைய வாதத்தையே ஓட்டலாம். தன்வெட்டு 1 என்றால் ஒரே ஒரு ப்ளோ-அப். வெளியில் சுருக்கக்கூடிய வேறு மைனஸ் 1 கோளம் இல்லாவிட்டால் திரும்பச் சுருக்கும்போது கிடைப்பது ப்ரொஜெக்டிவ் தளம்.

இந்த மைனஸ் 1 கோளங்களுக்கு வெண்டல் தனி அத்தியாயமே கொடுத்திருக்கிறார், கொடுத்தது நியாயம். செர்ன் எண் 1, இண்டெக்ஸ் பூஜ்யம், நகராது. அதே வகுப்பில் இன்னொன்று இருந்தால் இரண்டும் மைனஸ் 1 முறை சந்திக்க வேண்டும், அது முடியாது, ஆகவே ஒவ்வொரு ஜே-க்கும் அதிகபட்சம் ஒன்றுதான். ஜே-யை மெதுவாக மாற்றினால் கோளம் உடையுமா? ஒன்றை இரண்டு நேர்முழு எண்களின் கூட்டலாக எழுத முடியாது, ஆகவே பொதுவான பாதையில் உடையாது, கூடவே வரும். காஸ்டெல்நுவோவும் என்ரிக்கேஸும் இயற்கணித மேற்பரப்புகளில் சுருக்கிய அதே மைனஸ் 1 வளைவரைகள், இங்கே பல்லுறுப்புக் கோவை ஒன்றுகூட இல்லாமல் வந்து நிற்கின்றன.

மெக்டஃப் பற்றி ஒரு வார்த்தை. 1945-இல் லண்டனில் பிறந்தவர். மாஸ்கோவில் கெல்ஃபாண்டிடம் சில மாதங்கள் இருந்திருக்கிறார். 1991-இல் ரூத் லிட்டில் சாட்டர் பரிசு முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது பெற்றவர் அவர்தான். என் வகுப்பில் எம்.எஸ்சி. முதலாமாண்டில் இருபத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள். இவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் தன்வெட்டு எண் நடத்தினேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

வெண்டலின் எழுத்து எப்படி? நண்பரிடம் பேசுவது போல எழுதுகிறார். எந்த நிபந்தனை ஏன் தேவை, எடுத்தால் எது விழும் என்பதைச் சொல்லாமல் நகர மாட்டார். தேற்றத்தை ஆரம்பத்திலேயே முழுதாக வைத்துவிட்டு, பிறகு தேவைப்படும்போது கருவிகளைக் கொண்டுவருகிறார். பாடப்புத்தகங்கள் இதைத் தலைகீழாகச் செய்யும். நூறு பக்கம் கருவி, அப்புறம் 'இப்போது நாம் நிரூபிக்கலாம்' என்று. குறை என்று சொன்னால், நான் மேலே நோட்டில் போட்ட மாதிரியான எண் கணக்குகளை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தந்திருக்கலாம். ப்ரொஜெக்டிவ் தளத்தில் படி 3, படி 4 என்று இரண்டு பக்கம் போட்டிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கைப்பிடி கிடைத்திருக்கும். நீளமான வாக்கியங்கள் பிடிக்காதவர்களுக்கு ஆங்காங்கே மூச்சு வாங்கும்.

கோளம் பதிந்திருக்கத்தான் வேண்டுமா, தன்னை வெட்டிக்கொண்டால் ஆகாதா என்ற கேள்விக்கு யூனிரூல்டு (எந்தப் புள்ளி வழியாகவும் ஒரு கோளம் போகும் வெளிகள்) பற்றிய பகுதி பதில் சொல்கிறது. சுயச்சந்திப்புகள் எல்லாம் நேர்க்குறியாக இருந்து செர்ன் எண் 2-ஆவது இருந்தால் போதும். அதன் நிரூபணம் நான் மேலே சொன்னதைவிட நிறையக் கடினம், இரண்டாம் வாசிப்புக்கு வைத்திருக்கிறேன்.

கடைசிப் பகுதியில் களம் மாறுகிறது. மூடிய வெளி போய், எல்லையுள்ள வெளி வருகிறது. எல்லை ஒரு மூன்று பரிமாண கான்டாக்ட் மேனிஃபோல்ட் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தளம், அவை முறுக்கிக்கொண்டே போகும்), வளைவரைகளுக்கு ஓட்டைகள் உண்டு, அந்த ஓட்டைகள் முடிவிலியில் மூடிய ரீப் சுற்றுகளைச் (எல்லையில் ஓடும் ஒருவகை ஓட்டத்தின் மூடிய பாதைகள்) சுற்றி நீண்டுகொண்டே போகும். முடிவிலியில் ஒளிந்திருக்கும் சந்திப்புகளையும் எண்ண வேண்டும், அதற்கு ரிச்சர்ட் சீஃப்ரிங்கின் வெட்டுக் கோட்பாடு. சேருமிடம் வெண்டலே 2010-இல் நிரூபித்தது: எல்லையில் ஜீனஸ் பூஜ்யமான ஓப்பன் புக் (எல்லையைப் புத்தகத் தாள்கள் போல மேற்பரப்புகளாகப் பிரிப்பது) இருந்தால், எல்லையை வலுவாக நிரப்பும் எந்த வெளிக்குள்ளும் அது லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷனாக நீளும். எல்லையை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்வது. வாதத்தின் எலும்புக்கூடு மெக்டஃப் தேற்றத்துடையதேதான் என்று புரிகிறது. பாதிதான் முடித்திருக்கிறேன், அதனால் இந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடவில்லை.

யார் வாங்கலாம்? டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரி ஒரு வருஷம், அல்ஜீப்ரைக் டோபாலஜியில் பொயன்காரே இருமை வரை, ஃபங்ஷனல் அனாலிசிஸ் ஓரளவு இருந்தால் தாராளமாக. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்காரர்கள் தயங்கவே வேண்டாம், நம் சரக்கு இதில் எதிர்பாராத இடங்களில் வேலை செய்கிறது. க்ளூயிங், காம்பேக்ட்னஸ் எல்லாவற்றையும் கடைசி எப்சிலான் வரை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பவர்கள் மெக்டஃப்–சாலமோனைத் தூக்கிக்கொண்டு போங்கள், கை வலித்தால் நான் பொறுப்பில்லை. எம்.எஸ்சி. பிள்ளைகள் தனியாக வாங்கிப் படிக்க இது சரிவராது. மூன்று பேர் சேர்ந்து, ஒரு பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓடும். நான் கொடுத்தது ஐயாயிரத்தை ஒட்டி. அண்ணாச்சிக்கு நூற்றிருபது தனி.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரையைப் பிடித்துவைத்தது, படி 3 கணக்கை நானே போட வேண்டி வந்ததற்காக. இரவல் மட்டும் யாரும் கேட்க வேண்டாம், மாணவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் கான்டாக்ட் பகுதியை முடிக்கப் பார்க்கிறேன். முடித்தால் இதன் அடியிலேயே சேர்த்து எழுதுகிறேன். நோட்டில் இன்னும் முப்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது.